உரோமத் தோல் வேட்டையில் புதியவன் கற்கும் பாடங்கள்

கானடா தேசத்தின் வடபாகத்துக் காடுகளில், உரோமத் தோலுக்காகப் பொறி வைத்துப் பிராணிகளைப் பிடிப்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஜீவனத் தொழிலாகும். 1670-ம் ஆண்டில் ஹட்ஸன் பே கம்பெனி அரச பட்டயம் பெற்ற பின்னர் இவ்வியாபாரம் மிகவும் பெருகிற்று. அதன் பிரதான சரக்கு பீவர் தோல். பீவர் என்பது மரங்களைப் பல்லால் அறுத்து, ஓடையில் அணை கட்டி, நீர் நடுவே வீடு அமைத்துக் குடும்பமாக வாழும் பிராணி.

இத்தொழிலில் புதிதாக இறங்குகிறவன் கற்க வேண்டிய முதற்பாடம் பருவம் அறிதலாகும். குளிர் முற்றுமுன் பிடித்த பிராணிக்கு அடிமயிர் அடர்ந்திராது. தோலின் உட்புறமும் கறுத்துக் காணும். அத்தோல் பாதி விலைக்கும் போகாதிருக்கலாம்.

இரண்டாவது பாடம் பக்குவம். உரித்த தோலில் சதையும் கொழுப்பும் எஞ்சினால் அது கெட்டுப்போகும். சுரண்டிச் சுத்தம் செய்து, பீவர் தோலை வட்டமாக விரித்துச் சட்டத்தில் கட்டி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் கொழுப்பு உருகித் தோலில் ஊறிவிடும். பின்னர் அதைப் பதனிட இயலாது.

மூன்றாவது பாடம் கடனைப் பற்றியது. மாவு, தேயிலை, பொறி முதலியவற்றைப் பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் கடனாகப் பெற்று, பின்னர் தோலைக் கொடுத்துத் தீர்ப்பது அக்காலத்து வழக்கம். தோல் தரம் குன்றினால் கடன் அடுத்த பருவத்திற்கும் நிற்கும். அதைத் தீர்க்க வேட்டைக்காரன் மேலும் பல பிராணிகளைக் கொல்லுவான். விதை நெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பான செயல் இது.

இவ்வாறு வரம்பின்றி வேட்டையாடியதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல பிரதேசங்களில் பீவர் அரிதாயிற்று. ஜேம்ஸ் விரிகுடாவை அடுத்த ரூபர்ட் ஹௌஸ் என்னுமிடத்தில் கிரீ மக்கள் பட்டினியால் வருந்தினர். 1930-க்குப் பின், அங்கு கம்பெனி நிலையத்தை நடத்திய ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மாட் வாட்டும் செய்த முயற்சியால் பீவர் காப்பிடம் ஏற்பட்டது. கிரீ மக்களே பீவர் வீடுகளை எண்ணிக் காத்தனர்; சில ஆண்டுகள் வேட்டையை நிறுத்தினர். இனம் பெருகிய பின்னரே, இத்தனை பிடிக்கலாமென்று அளவு வைத்து மீண்டும் தொடங்கினர்.

பொறி வைக்கும் திறமை ஒருவன் கைக்குத் தனியே வரலாம். வரம்பு வைப்பதோ அயலான் இணங்காவிடில் பயன் தராது. ஒருவன் விட்டுவைத்ததை மற்றொருவன் பிடித்துவிடுவான். ஆகையால் எல்லோரும் கூடி நின்று காக்க வேண்டுமென்பதே இத்தொழிலின் கடைசிப் பாடமும் தலையாய பாடமுமாகும்.