டிபெஷ் மோட் : தனித்து நின்ற ஓர் இசைக்குழுவின் வளர்ச்சி

இசையை இயலோடும் கூத்தோடும் ஒருங்கு வைத்து முத்தமிழ் எனப் போற்றியவர் நம் முன்னோர். ஆயினும் இசை பயில்வார் பலரும் பண்ணையும் பாட்டையும் ஆராய்வரேயன்றி, அப்பாட்டு மக்கள் செவியைச் சென்றடைந்த வழியை ஆராய்தல் அரிது. பாட்டு இயற்றுவோன் ஒருவன். கருவி செய்வோன் மற்றொருவன். பாட்டைத் தட்டிற் பதித்து விற்போன் வேறொருவன். இம்மூவருள் எவன் கையில் அதிகாரம் தங்குகின்றதோ, அவன் விருப்பத்தின்படியே பெரும்பாலும் இசையும் அமைகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்து நாட்டில் 1980-இல் தோன்றிய டிபெஷ் மோட் என்னும் இசைக்குழுவின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். தன் நாட்டில் எந்தப் பெருநிறுவனத்தின் கீழும் அடங்காமல், எழுத்து வடிவான உடன்படிக்கையும் இல்லாமல், ஒருவர்க்கொருவர் கொடுத்த சொல்லையே முதலாக வைத்து வளர்ந்தது அக்குழு. அஃது எவ்வாறு இயன்றது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கருவியின் இயல்பு

இக்குழுவினர் கையாண்ட முதன்மைக் கருவி சிந்தசைசர் எனப்படுவது. இதனை முதலாகக் கொண்ட எளிய மெல்லிசைப் பாடல்களையே சிந்த்பாப் என்பர். யாழும் வீணையும் நரம்பின் அதிர்வால் ஒலிப்பன. குழல் காற்றின் அதிர்வால் ஒலிப்பது. சிந்தசைசரோ மின்னோட்டத்தின் அலைவைக் கொண்டு ஒலிப்பது. அதனுள் மூன்று செயல்கள் நிகழ்கின்றன. ஆஸிலேட்டர் என்னும் உறுப்பு மின்னோட்டத்தை ஒரு நொடிக்கு இத்தனை முறை எனக் கணக்காக அலையச் செய்கின்றது. சுருதியின் ஏற்ற இறக்கம் இதனால் அமையும். ஃபில்டர் என்னும் வடிகட்டி, அவ்வொலியில் வேண்டாத அதிர்வுகளை நீக்கிக் கூரிய ஓசையை மழுக்கவும் கனத்த ஓசையை மெலிக்கவும் வல்லது. மூன்றாம் உறுப்பு, ஒலி எத்துணை விரைவில் எழவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எங்ஙனம் தேய்ந்து மறையவேண்டும் என்பவற்றை வரையறுக்கின்றது. இம்மூன்றையும் வேண்டியவாறு திருப்பிப் பறையின் அதிர்வு, மணியின் ஓசை, குழலின் இனிமை ஆகியவற்றை ஒத்த ஒலிகளையும், முன் எக்கருவியும் எழுப்பாத ஒலிகளையும் ஆக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் மூக் என்பார் 1964-இல் இயற்றிய கருவி உருவிற் பெரியது, விலையும் மிகுந்தது. பல்கலைக்கழகங்களும் செல்வர்களுமே அதனை வாங்க இயன்றது. 1970-க்குப் பின்னர் அது சிறிதாகியது. அப்பதிற்றாண்டின் இறுதியில் கோர்க், ரோலண்ட், யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்கள், கூலிவேலை செய்யும் இளைஞனும் பணம் சேர்த்து வாங்கத்தக்க விலையில் கருவிகளை விற்கலாயின. ஜெர்மனி நாட்டுக் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இல் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ என்னும் தட்டு, இக்கருவியால் மக்கள் விரும்பும் பாட்டு அமைக்கலாம் என்பதைக் காட்டிற்று. 1979-இல் கேரி நியூமன் என்னும் இளைஞரின் பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது.

இக்கருவிகளின் குறை ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. விலை குறைந்தவை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரத்தை மட்டும் ஒலிப்பவை. பியானோவிற்போலப் பல கட்டைகளை ஒருங்கே அழுத்தி ஒலிக்கூட்டம் எழுப்ப அவற்றால் இயலாது. ஆகவே மூவர் மூன்று கருவிகளை வைத்து, ஆளுக்கு ஓர் இசையிழையை வாசித்து, அவற்றைப் பின்னவேண்டியதாயிற்று. டிபெஷ் மோட் குழுவின் தொடக்கப் பாடல்களில் ஒவ்வோர் இழையும் தெளிவாகவும் தனித்தும் கேட்பதற்கு இஃது ஒரு காரணம். வறுமையால் வந்த வரையறையே அவர்தம் நடையின் அழகாயிற்று.

வீட்டில் பிறந்த நிறுவனம்

டேனியல் மில்லர் என்பார் லண்டனில் திரைப்படத் தொகுப்புத் தொழில் செய்துவந்தவர். அவர் 1978-இல் கோர்க் சிந்தசைசர் ஒன்றையும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கொண்டு, தம் வீட்டிலேயே இரு பாடல்களைப் பதிவு செய்தார். ‘தி நார்மல்’ என்னும் புனைபெயரில் அவற்றைத் தாமே வெளியிட்டார். அதன்பொருட்டு அவர் வைத்துக்கொண்ட நிறுவனப் பெயர் மியூட் என்பது. ‘ஊமை’ என்பது அதன் பொருள். ரஃப் டிரேட் என்னும் கடையினர் அத்தட்டை நாடெங்கும் பரப்ப உதவினர். தட்டின் உறையில் முகவரி அச்சிடப்பட்டிருந்தமையால், அறியாத இளைஞர் பலர் தத்தம் ஒலிநாடாக்களை அவருக்கு அனுப்பத் தொடங்கினர். ஒரு தட்டை வெளியிடுதற்கென்றே தோன்றிய பெயர், இவ்வாறு தானே ஒரு நிறுவனமாக மலர்ந்தது.

சிந்தசைசரை மட்டுமே வாசிக்கும் இளைஞர் குழு ஒன்று தோன்றவேண்டும் என்பது மில்லரின் கனவு. அத்தகைய குழு யாண்டும் இல்லாமையால், ‘சிலிக்கன் டீன்ஸ்’ என்னும் பெயரில் கற்பனைக் குழு ஒன்றைப் படைத்து, அதன் தட்டையும் 1980-இல் வெளியிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள், அவர் கற்பனையில் கண்ட குழு உண்மையாகவே அவர் முன் வந்து நின்றது.

ஊரும் இளைஞரும்

லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் பாசில்டன் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1949-இல் புதுநகரமாக வகுக்கப்பட்டது அது. கிழக்கு லண்டனின் நெருக்கடியிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் அதில் மிகுதி. வின்ஸ் கிளார்க், ஆண்ட்ரூ ஃப்ளெட்சர், மார்ட்டின் கோர், டேவ் கான் ஆகிய நால்வரும் இவ்வூரில் வளர்ந்தவர். அவருள் கிளார்க்கும் ஃப்ளெட்சரும் கிறிஸ்தவச் சிறுவர் இயக்கமாகிய பாய்ஸ் பிரிகேடில் பழகியவர். ஃப்ளெட்சர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலும், கோர் வங்கி ஒன்றிலும் பணியாற்றிக்கொண்டே மாலையில் இசை பயின்றனர். கான் 1980-இல் பாடகராகச் சேர்ந்தார். பிரெஞ்சு ஆடையணி இதழ் ஒன்றன் பெயரைக் குழுவிற்குச் சூட்டியவரும் அவரே.

இவர்கள் தம் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு நிறுவனங்களின் வாயில்தோறும் நடந்தனர். ரஃப் டிரேட் கடையில் அப்பொழுது இருந்த மில்லரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1980-இன் இறுதியில், கிழக்கு லண்டன் கேனிங் டவுனிலுள்ள பிரிட்ஜ் ஹவுஸ் என்னும் மதுக்கடை அரங்கில், மில்லரின் நிறுவனத்தைச் சார்ந்த ‘ஃபேட் கேட்ஜெட்’ என்பாரின் நிகழ்ச்சிக்கு முன்னர் இவர்கள் வாசித்தனர். அன்று மில்லர் கேட்டார்; வியந்தார்; நிகழ்ச்சி முடிந்ததும் சென்று பேசினார்.

சொல்லே ஆவணம்

ஒரு தட்டு வெளியிடுவோம், பிடித்தால் தொடர்வோம், செலவு போக எஞ்சும் ஆதாயத்தைச் சரிபாதியாகப் பகிர்வோம் என்பதே அவர்களுக்குள் அமைந்த ஏற்பாடு. கையெழுத்து இல்லை, முன்பணம் இல்லை, இத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும் என்ற விதியும் இல்லை. பெருநிறுவனங்கள் பெருந்தொகை தர முன்வந்தபோதும் இளைஞர் இச்சொல்லையே தேர்ந்துகொண்டனர்.

இத்தேர்வின் நுட்பத்தை நாம் உணர்தல் வேண்டும். இசைத்தட்டு வணிகத்தில் நிறுவனம் கொடுக்கும் முன்பணம் பெரும்பாலும் நன்கொடை அன்று. கலைஞனுக்கு வரவேண்டிய பங்கிலிருந்து பின்னர்க் கழித்துக்கொள்ளப்படும் கடனே ஆகும். கடன் தீருங்காறும் எதனைப் பாடுவது, எப்பொழுது வெளியிடுவது என்பவற்றில் கடன் கொடுத்தவர் குரலே ஓங்கி ஒலிக்கும். முன்பணம் பெறாதவனுக்கு வறுமை உண்டு. ஆயின் அவன் குரல் அவனுடையது.

முதல் தட்டாகிய ‘டிரீமிங் ஆஃப் மீ’ 1981 பிப்ரவரியில் வெளிவந்து, விற்பனை வரிசையில் 57-ஆம் இடம் பெற்றது. அவ்வாண்டிலேயே ‘நியூ லைஃப்’ 11-ஆம் இடத்தையும், ‘ஜஸ்ட் கேன்ட் கெட் இனஃப்’ 8-ஆம் இடத்தையும் எய்தின. வழிபாடு நீங்கிய ஒரு தேவாலயக் கட்டடத்துள் அமைந்த பிளாக்விங் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகிய ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்னும் முதல் தொகைத் தட்டு 10-ஆம் இடம் பெற்றது. நாடறிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோதும், இவர்கள் தம் கருவிகளைத் தாமே சுமந்து புகைவண்டியிற் சென்றனர். கூடத்திற்கு இட்டுச்செல்லும் காரும் ஏவலரும் இவர்க்கு இல்லை. அவற்றிற்காகப் பட்ட கடனும் இல்லை.

பிரிவும் நிலைபேறும்

நிற்க. இக்குழுவிற்கு உண்மையான சோதனை புகழுக்கு முன்னர் வரவில்லை. புகழுக்குப் பின்னரே வந்தது. பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றிய கிளார்க், பயணமும் விளம்பரமும் தமக்கு ஒவ்வாமையால், 1981-இன் இறுதியில் விலகினார். முதல் தொகைத் தட்டில் கோர் ஆக்கியவை இரண்டே. பாட்டு இயற்றுவோன் நீங்கிய குழு, வேர் அறுந்த மரம் போல் சாயும் என்றே பலரும் எண்ணினர். இலாபம் ஒன்றையே கருதும் நிறுவனமாயின் அப்பொழுதே கைவிட்டிருத்தலும் கூடும். அல்லது வேறு பாட்டாசிரியர் ஒருவரைத் திணித்திருத்தலும் கூடும். மில்லர் அவ்விரண்டும் செய்திலர். எஞ்சிய மூவரையும் நம்பினார். 1982-இன் தொடக்கத்தில் கோர் இயற்றிய ‘சீ யூ’ வெளிவந்து 6-ஆம் இடம் பெற்றது. கிளார்க் இக்குழுவிற்காக எழுதிய எப்பாட்டும் அவ்வுயரத்தை எட்டியதில்லை.

விலகிய கிளார்க்கையும் மில்லர் பகைத்திலர். கிளார்க் அதே பாசில்டன் ஊரினரான அலிசன் மோயட் அம்மையாருடன் சேர்ந்து, யாசூ என்னும் பெயரில் 1982-இல் மியூட் நிறுவனத்திலேயே பாடல் வெளியிட்டார். அது 2-ஆம் இடம் வரை உயர்ந்தது. கட்டாயம் இல்லாத இடத்தில் பிரிவும் பகையாகாது என்பதற்கு இது சான்று.

ஆலன் வைல்டர் என்னும் தேர்ந்த இசைவாணர் 1982-இல் குழுவிற் சேர்ந்தார். 1983-இல் அவர்கள் ஒரு புதிய முறையைக் கையாண்டனர். லண்டன் ஷோர்டிச் பகுதியிற் பாழ்பட்டுக் கிடந்த இடங்களுக்குச் சென்று, தகரத்தையும் இரும்புக் குழாயையும் தட்டி, அவ்வோசைகளைப் பதிவு செய்தனர். அவற்றை இயந்திரத்திற் புகுத்திக் கட்டைகளால் இசைத்துப் பாட்டாக்கினர். ‘கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்’ என்னும் தட்டு இவ்வாறு எழுந்தது. அதன் பாடல்களிற் சில பொருளாசையையும் வணிகப் பேராசையையும் கடிவன. 1984-இல் வெளிவந்த ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’ மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் 1985-இல் 13-ஆம் இடம் வரை சென்றது. 1988 ஜூன் 18-ஆம் நாள் கலிபோர்னியாவின் பாசடினா நகரத்து ரோஸ் பௌல் அரங்கில் ஏறத்தாழ 60,000 மக்கள் முன் இவர்கள் பாடினர். அப்பயணத்தில் அது 101-ஆம் நிகழ்ச்சி. நெடுங்காலம் இக்குழுவிற்குத் தனி மேலாளர் என ஒருவர் இலர். கணக்கு வழக்குகளை ஃப்ளெட்சரே பெரிதும் கவனித்துவந்தார்.

இரு தடைகளுக்கு விடை

ஈண்டு இரண்டு தடைகள் எழலாம். இயந்திரம் தானே இசைக்குமாயின் கலைஞனுக்கு என்ன சிறப்பு என்பது ஒன்று. இயந்திரம் ஒலிக்கும், தெரிந்தெடுக்காது. ஆயிரம் ஓசைகளுள் இதுவே இப்பாட்டிற்குத் தக்கது எனத் துணிவது மனிதனின் செவியும் உள்ளமுமே. பாழிடத்துத் தகரத்தில் இசை உண்டு எனக் கண்டது எந்த இயந்திரமும் அன்று.

மற்றொன்று, இவர்கள் முற்றும் தனித்து நின்றனரா என்பது. இல்லை என்றே கூறவேண்டும். அமெரிக்காவில் இவர்தம் தட்டுகளைப் பரப்பியது, வார்னர் என்னும் பெருநிறுவனத்தைச் சார்ந்த சையர் நிறுவனம். மியூட்டும் 2002-இல் இ.எம்.ஐ. நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, 2010-இல் மீண்டும் தனிநிலை எய்தியது. டிபெஷ் மோட் குழுவினரும் 2013 முதல் கொலம்பியா நிறுவனத்தின் வழியே தம் தட்டுகளை வெளியிடலாயினர். ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்கள் மியூட்டோடு இணைந்திருந்தனர். விதியாற் கட்டுண்ட உறவுகள் பல முறிந்துபோகும் வணிகத்தில், சொல்லால் தொடங்கிய உறவு இத்துணைக் காலம் நின்றமை சிறிதன்று.

முடிவுரை

வைல்டர் 1995-இல் விலகினார். ஃப்ளெட்சர் 2022 மே மாதம் காலமானார். எஞ்சிய கோரும் கானும் 2023-இல் ‘மெமென்டோ மோரி’ என்னும் தட்டை வெளியிட்டனர். நால்வராய்த் தொடங்கிய குழு இருவராய்ச் சுருங்கியும் பாட்டு நின்றிலது.

இவ்வரலாற்றால் நாம் அறியும் பொருள் யாது? தனித்து நிற்றல் என்பது துணையின்றி நிற்றல் அன்று. எவர் துணையைக் கொள்வது, என்ன விலைக்குக் கொள்வது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளுதல் ஆகும். பாசில்டன் இளைஞரிடம் இருந்தவை ஒற்றைச் சுரக் கருவிகள் சிலவும், மாலைப் பொழுதும், வாக்குத் தவறாத ஒருவரின் நட்புமே. கல்லூரி விட்டுச் சென்று இசையோ, இதழோ, நாடகமோ, வேறு தொழிலோ தொடங்கக் கருதும் நண்பர்கள், எவ்வளவு பணம் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், அப்பணம் யாருடைய குரலிற் பேசும் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக. கருவி சிறிதாயினும் குறையில்லை. கொடுத்த சொல் சிறிதாகாமல் இருந்தால் போதும்.