அடுப்படியில் ஈயம் உருக்க வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தம்பலகாமத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வீச்சுவலைக்குக் குண்டு வார்க்க வீட்டுக்காரர் பழைய பற்றரியை உடைத்து, ஈயத்தை அடுப்படியிலேயே உருக்குகிறார். மூன்று வயது மகன் பக்கத்தில் விளையாடுகிறான். பயப்பட ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, தங்கச்சி. குடாவை நம்பிப் பிழைக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் பொதுவில் பதில் எழுதுகிறேன். அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் போதும். விறகடுப்பு அதைத் தந்துவிடும். அதனால்தான் இது வீட்டு வேலையாகிப் போனது. உருகும்போது எழும் புகையும், மேலே மிதக்கும் கசடும், பற்றரித் தகட்டிலிருந்து உதிரும் பொடியும் நிலத்தில் படியும். நமக்கு அது வெறும் தூசி. நிலத்தில் புரண்டு, அதே கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது வயிற்றுக்குள் போகும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் உறிஞ்சும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையென்றால் இன்னும் அதிகம்.

தாக்குவது வளரும் மூளையை. காய்ச்சல் இராது, புண் இராது, பிள்ளை ஓடியாடித் திரிவான். பள்ளிக்கூடம் போன பிறகு பாடம் மனதில் நிற்காது, ஓரிடத்தில் இருக்க முடியாது. அப்போது “குழப்படிக்காரன், படிப்பு ஏறாது” என்று அவனையே ஏசுவோம். குற்றம் செய்யாத பிள்ளை ஏச்சு வாங்குவதை நினைக்கத்தான் எனக்கு ஆறவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செனகல் நாட்டில் டாக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் சூர் மேர் என்றொரு மீனவ ஊர். அங்கேயும் பழைய பற்றரி ஈயத்தில்தான் வலைக்குண்டு வார்த்தார்கள். வருடக்கணக்கில் ஈயத்தூள் மண்ணில் சேர்ந்தது. ஈயத்தின் விலை ஏறியதும் வியாபாரிகள் அந்த மண்ணையே விலைக்குக் கேட்டார்கள். பெண்கள் தோண்டிச் சலித்தார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தாய்மாரும் உங்களைப் போல வீட்டுச் செலவுக்கு ஒரு வழி பார்த்தவர்கள்தான்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பெயின்ற்றுக்கும் பின்னர் சட்ட எல்லை வந்தது. அடுப்படிக்குள் எந்தச் சட்டமும் வராது. அங்கே நீங்கள்தான் தடுக்கவேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரும் தப்பவில்லை. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், இரத்தசோகை வரும். எலும்பில் தங்கும் ஈயம் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். நீங்கள் மறுபடி கர்ப்பமானால், எலும்பிலிருந்து கல்சியம் கரையும்போது ஈயமும் கூடவே கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும்.

எனவே உருக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். வார்த்த குண்டைக் கடையில் வாங்கினால் காசு கொஞ்சம் கூடப் போகும், போகட்டும். குண்டைப் பல்லால் கடித்து இறுக்க வேண்டாம். உருக்கிய சட்டியில் இனி எதுவும் சமைக்காதீர்கள். அடுப்படியை விளக்குமாற்றால் கூட்டினால் தூசி கிளம்பும்; ஈரத்துணியால் துடையுங்கள். அவர் வேலைக்கு உடுத்த சாரத்தைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். கசடை வளவிலோ வயலிலோ கொட்டவே கூடாது. முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் சின்னமீன், பயறு எல்லாம் மகனுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

அவனை வைத்தியரிடம் கூட்டிப்போய், வீட்டில் ஈயம் உருக்கியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம். இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். டெசிலீற்றருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து ஈயத்தைக் குறைக்கும். மூளைக்கு ஏற்கெனவே வந்த பாதிப்பைத் திருப்பாது. அளவு குறைவாக வந்தாலும் சில மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா