கட்டுரைப் பயிற்சி: பாடசாலைக்கு வெளியே கற்றலும் கைத்தொலைபேசியும்

இத்தகைய தலைப்பு வந்தால் பலர் "நவீன விஞ்ஞான உலகில்..." என்றே தொடங்குகின்றனர். பரீட்சகர் அதனைப் பல விடைத்தாள்களில் படித்துச் சலித்திருப்பார். நீங்கள் கண்டதை எழுதுங்கள். பின்வரும் மாதிரியைக் கவனியுங்கள்.

மாதிரிக் கட்டுரை

2020 மார்ச் மாதம் கொவிட்-19 தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. கரும்பலகையின் இடத்தை வட்ஸ்அப் குழுவும் சூம் வகுப்பும் பிடித்தன. வன்னியின் பல வீடுகளில் அன்றுதான் கைத்தொலைபேசி படிப்பு மேசைக்கு வந்தது எனலாம்.

இதன் பயன்கள் பல. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களையும் இலவசமாகப் பெறலாம். எழுதிய விடையைப் படமெடுத்து அனுப்பினால் ஆசிரியர் பிழைகளைக் குறித்துத் திருப்பி அனுப்புவார். துணுக்காயிலிருந்து கிளிநொச்சிக்கு ரியூசனுக்காகப் பஸ் ஏற முடியாத பிள்ளைக்கு இது பேருதவியாகும்.

ஆயினும் எல்லோருக்கும் இது கிட்டுவதில்லை. வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டுசென்றால் பிள்ளையின் பாடம் தவறும். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். 2021 இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராம மாணவர்கள் சிக்னல் தேடி மலையேறினர். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளின்போது சார்ஜ் செய்வதே சிரமமாயிற்று. ஆகவே, இணைய வகுப்புக்கு வராத மாணவனைச் சோம்பேறி என்று கூறுதல் அநீதியாகும்.

செய்யக்கூடியவை உண்டு. நேரலை வகுப்பு டேட்டாவை அதிகம் விழுங்கும். படமும் குரல் பதிவும் குறைவாகவே எடுக்கும். ஆசிரியர்கள் அவற்றை அனுப்பலாம். பாடநூலை ஒருமுறை பதிவிறக்கினால் பின்னர் டேட்டா இன்றியே வாசிக்கலாம். தொலைபேசி உள்ளவர் அயல்வீட்டு நண்பனையும் அருகில் இருத்திப் படிக்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் கொப்பியில் எழுதிப் பழகும்போதே அது கல்வியாகின்றது.

கவனிக்க:
1. ஆண்டுகளும் இடப்பெயர்களும் கருத்துக்குச் சான்றாகின்றன.
2. பயனை அடுத்துத் தடையும், தடையை அடுத்துத் தீர்வும் கூறப்பட்டுள்ளன.
3. ஒவ்வொரு பந்தியும் ஒரு கருத்தையே விளக்குகின்றது.

பயிற்சி

1. மூன்றாம் பந்திக்கு உங்கள் கிராமத்தில் கண்ட உதாரணம் ஒன்றைச் சேர்த்து எழுதுக.
2. தொலைபேசி இல்லாத மாணவர்களுக்கு அச்சிட்ட பயிற்சித்தாள்கள் வழங்குமாறு வேண்டி அதிபருக்குக் கடிதம் ஒன்று எழுதுக.

நினைவிற் கொள்க: பரீட்சை மண்டபத்தினுள் கைத்தொலைபேசி கொண்டுசெல்லல் தடைசெய்யப்பட்டுள்ளது. அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.