எல்லையில் டாலரா, பாட்டா?

கேள்வி: தாய்லாந்திலிருந்து விசாவுக்காக லாவோஸ் எல்லைக்குப் போய்வருபவர்கள் லாவோஸ் விசாக் கட்டணத்தைத் தாய் பாட்டில் கட்டலாமா?

பதில்: கட்டலாம்; ஆனால் டாலர்தான் லாபம்.

நோங்காய் நகருக்கு அருகே, மேகாங் ஆற்றின் மேல் 1994-ல் திறக்கப்பட்ட நட்புப் பாலத்தைக் கடந்ததும் லாவோஸ் விசா கவுன்டர் வந்துவிடும். அங்கே கட்டணம் டாலரில்தான் நிர்ணயம். பாட் கொடுத்தால் தனிக் கணக்கு. 35 டாலர் விசாவுக்கு 1,500 பாட் வாங்கிய காலம் உண்டு. சந்தை விலையில் 35 டாலர் அவ்வளவு பாட் ஆகாது! மிச்சமெல்லாம் பயணியின் நஷ்டம்.

கிழிந்த, கிறுக்கிய, கசங்கிய டாலர் நோட்டுகளைக் கவுன்டரில் திருப்பிவிடுவார்கள்.

எனவே கிளம்பும் முன்பே நகரத்துப் பணமாற்றுக் கடையில் புதிய 20, 10, 5, 1 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். சரியான சில்லறையோடு நில்லுங்கள். ரசீதையும் மறக்காமல் கேளுங்கள்.