சர்வீஸ் பில்லும் நம்ம கணக்கு நோட்டும்



இன்றைக்கு நம் ஊர்களில் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் இல்லை. பூ கட்டி சந்தைக்குக் கொண்டு போகிறவர், மாவு அரைத்து கடைகளுக்குப் போடுகிறவர், தையல் துணி எடுத்து வருகிறவர் என்று நம்மில் பலருக்கு ஸ்கூட்டர்தான் கையும் காலும். 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் 25,000 ரூபாய் வரை மானியம் பெற்று வண்டி வாங்கியவர்களும் நம்மில் உண்டு. குழுக் கடன் வாங்கி லோடு ஆட்டோ ஓட்டுகிற குடும்பங்களும் உண்டு.

வண்டி வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மைலேஜ் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் சர்வீஸுக்கு விடும்போது மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு, நீட்டிய பேப்பரில் கையெழுத்தும் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறோம். சாயங்காலம் போனால் பில் நீளமாக இருக்கிறது. "என்ன தம்பி, 900 ரூபாய் ஆகும்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடுறதுக்கா" என்று பதில் வருகிறது. அந்த மாதத் தவணைக்கு எடுத்து வைத்த பணம் அங்கேயே போய்விடுகிறது.

கம்ப்யூட்டர் தானாக எதையும் போடாது. யாரோ ஒருவர் தட்டியதைத்தான் அது காட்டுகிறது. ஆகவே, கம்பெனி ஷோரூமில் சர்வீஸ் விடும்போது பில் எப்படி ஏறுகிறது, அதை எங்கே நிறுத்தலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காலையில் முடிவாகிற பில்

நம் குழுவில் பணம் எப்படி வெளியே போகிறது? முதலில் கூட்டத்தில் பேசுகிறோம். தீர்மான நோட்டில் எழுதுகிறோம். கையெழுத்து போடுகிறோம். அதற்குப் பிறகுதான் பணம். தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாய் எடுத்தாலும் தணிக்கையில் கேள்வி வரும்.

சர்வீஸ் சென்டரிலும் அப்படி ஒரு தீர்மான நோட்டு உண்டு. அதன் பெயர் ஜாப் கார்டு. வண்டியை விடும்போது நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தப் பேப்பர்தான். என்னென்ன வேலை செய்யப் போகிறார்கள், தோராயமாக எவ்வளவு ஆகும், எப்போது வண்டி கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நாம் வெற்றுப் பேப்பரில் கையெழுத்து போட்டால், தீர்மானம் எழுதாமலே செக்கில் கையெழுத்து போட்டது போலத்தான். சாயங்காலம் வருகிற பில், உண்மையில் காலையில் அந்த ஜாப் கார்டிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

பாடத்துக்காக ஒரு மாதிரி பில் எடுத்துக்கொள்வோம். இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்த ஒரு ஸ்கூட்டர். லேபரும் ஆயிலும் சேர்த்து 900 ரூபாய் என்று வாயால் சொன்னார்கள். வந்த பில், வரி சேர்த்து இப்படி இருக்கிறது:

லேபர் – ரூ.500
இன்ஜின் ஆயில் – ரூ.400
ஏர் ஃபில்டர் – ரூ.250
வாட்டர் வாஷ் – ரூ.150
பிரேக் கிளீனிங் – ரூ.130
கன்ஸ்யூமபிள்ஸ் – ரூ.90
பாலிஷ் – ரூ.280
ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் – ரூ.350
மொத்தம் – ரூ.2,150

சொன்னது 900, வந்தது 2,150. கூடுதல் 1,250 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

ஏர் ஃபில்டர்: இது தேவையான செலவாகவே இருக்கலாம். ஆனால் மாற்றும் முன் போன் செய்து கேட்டார்களா? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். அந்தக் கணக்குக்கு முன்பே மாற்றியிருந்தால் காரணம் கேட்கலாம்.

வாட்டர் வாஷ், பிரேக் கிளீனிங்: பல இடங்களில் இவை ஜெனரல் சர்வீஸ் லேபரிலேயே அடங்கிவிடும். லேபரும் வாங்கி, இதற்குத் தனியாகவும் வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. "500 ரூபாய் லேபர்ல என்னென்ன வேலை சேரும்?" என்று காலையிலேயே கேட்டுவிட வேண்டும்.

கன்ஸ்யூமபிள்ஸ்: துடைக்கிற துணி, கிரீஸ், சுத்தம் செய்கிற திரவம் போன்ற சில்லறைப் பொருட்கள். எது, எவ்வளவு என்று விவரம் இல்லாமல் ஒரே தொகையாகப் போடுவார்கள். விவரம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பாலிஷ், ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங்: இவை கூடுதல் சேவைகள். வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம். நம்மைக் கேட்காமல் செய்யக்கூடாது. இந்த பில்லில் இவை இரண்டு மட்டுமே 630 ரூபாய்.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது

1. வண்டியில் உள்ள குறையை நம் வாயால் சொல்லி, அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். "பிரேக் பிடித்தால் சத்தம் வருது", "காலையில் ஸ்டார்ட் ஆகலை" என்று எழுதினால் போதும்.

2. தோராய மதிப்பை எழுத்தில் வாங்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

3. "எங்களைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது. போன் செய்யவும்" என்று நாமே எழுதி, கீழே கையெழுத்து போடலாம். எழுதச் சிரமமாக இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

4. கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்ல வேண்டும். செல்போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

5. மாற்றுகிற பழைய பாகத்தைக் கவரில் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

6. ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

"இத்தனை கேட்டா கோபிச்சுக்குவாங்களே" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். நம் குழுவில் புது உறுப்பினர் கணக்கைக் கேட்டால் நாம் கோபிக்கிறோமா? நோட்டை எடுத்துக் காட்டுகிறோம். கணக்கு கேட்பது சண்டை இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்!

வரியில் ஏமாறாமல் இருக்க

பாக்கெட்டில் வருகிற உதிரி பாகத்தின் மேல் எம்.ஆர்.பி. என்று ஒரு விலை அச்சிட்டிருக்கும். அது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது. எம்.ஆர்.பி. 250 ரூபாய் உள்ள ஃபில்டருக்கு 18 சதவீதம் கூட்டி 295 ரூபாய் வாங்கினால், 45 ரூபாய் அதிகம் வாங்கியதாக அர்த்தம். சரியான பில்லில் பாகத்தின் விலை 211.86, வரி 38.14, மொத்தம் 250 என்று பிரிந்து நிற்கும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்க அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

லேபருக்கு எம்.ஆர்.பி. கிடையாது. அதற்கு 18 சதவீத வரி தனியாக வரும். பில்லில் 9, 9 என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அதனால் தோராய மதிப்பு சொல்லும்போதே "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டி உதிரி பாகங்கள் பலவற்றுக்கு முன்பு 28 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் இன்னும் 28 என்று பார்த்தால் கட்டாயம் கேளுங்கள். வரி வாங்குகிற பில்லில் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த எண் 33-ல் தொடங்கும்.

இன்ஜின் ஆயிலை பெரிய டிரம்மில் இருந்து ஊற்றினால், லிட்டர் என்ன விலை, எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்று கேளுங்கள். 110 சிசி ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலே போதும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்கிறது.

இலவச சர்வீஸ்: எது இலவசம்?

புது வண்டிக்கு சில சர்வீஸ்கள் இலவசம் என்று கூப்பன் கொடுப்பார்கள். பொதுவாக அதில் லேபர் மட்டுமே இலவசம். ஆயில், மாற்றுகிற பாகம் ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. கூப்பனில் இத்தனை நாள் அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டி அதிகம் ஓடவில்லையே என்று நாளைத் தவறவிட்டால் இலவசமும் போகும், வாரண்டியிலும் சிக்கல் வரும்.

வாரண்டி காலத்தில், தயாரிப்புக் குறையால் ஒரு பாகம் கெட்டால் பாகத்துக்கும் பணம் இல்லை, மாற்றுகிற கூலியும் இல்லை என்பதே வழக்கம். எதெது வாரண்டியில் வராது என்பதைப் புத்தகத்தில் முன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

வெளி மெக்கானிக்கிடம் போகலாமா?

"வெளியில கை வெச்சா வாரண்டி போயிடும்" என்று சொல்லிப் பயமுறுத்துவது உண்டு. கார் கம்பெனிகள் உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்று ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஒரு தனி மனிதர் கேட்ட கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

நமக்கு நடைமுறை இதுதான். வாரண்டியும் இலவச சர்வீஸும் இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவறவிட வேண்டாம். அது முடிந்த பிறகு, நம்பிக்கையான உள்ளூர் மெக்கானிக்கிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் அவரிடமும் ஒரு சீட்டாவது எழுதி வாங்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

வண்டியை அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். காலையில் சொன்ன குறை தீர்ந்ததா? ஆயில் அளவுக் குச்சியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புது ஆயில் பெரும்பாலும் தேன் போலத் தெளிவாக இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்தால் கேளுங்கள். பழைய பாகத்தைப் பாருங்கள். ஜாப் கார்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கார்டில் இல்லாதது பில்லில் இருந்தால் "இதுக்கு நாங்க ஒத்துக்கலையே" என்று சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டினால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார்கள், நாளைக்குப் பிழைப்புக்கு வண்டி வேண்டும் என்றால் என்ன செய்வது? பில்லின் நகலில் "இந்த வேலைக்கு நான் சம்மதிக்கவில்லை, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, கட்டிவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். வழக்குக்கு அந்த வரி உதவும்.

எங்கே முறையிடுவது?

முதலில் சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து, வண்டி புத்தகத்தில் உள்ள கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேவைக் குறைபாடு, பில் கொடுக்காமல் மறுப்பது போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். "நீங்க வியாபாரத்துக்கு வண்டி ஓட்டறீங்க, நுகர்வோர் இல்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில், பிழைப்புக்காக மட்டும் தொழில் செய்பவரும் நுகர்வோரே என்று சட்டம் விளக்கமாகச் சொல்கிறது. பூக்கூடை சுமக்கிற ஸ்கூட்டருக்கும், குடும்பமே ஓட்டிப் பிழைக்கிற லோடு ஆட்டோவுக்கும் இது பொருந்தும்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

• வண்டி வைத்திருக்கிற உறுப்பினர்கள் கடைசியாக வாங்கிய சர்வீஸ் பில்லை எடுத்து வாருங்கள். மாதிரி பில்லைப் போல வரி வரியாகப் படியுங்கள்.
• சம்மதம் கேட்காமல் சேர்த்த செலவு எவ்வளவு? எல்லோருடையதையும் கூட்டிப் பாருங்கள்.
• எந்த சர்வீஸ் சென்டர், எந்த மெக்கானிக் ஒழுங்காகக் கணக்கு கொடுக்கிறார்? அவர்கள் பெயரை மற்ற உறுப்பினர்களுக்கும் சொல்லுங்கள்.
• இருவர் சர்வீஸ் சென்டர் ஆளாகவும் வாடிக்கையாளராகவும் நடித்து, ஜாப் கார்டு எழுதிப் பழகுங்கள்.
• எழுதப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர் வண்டி விடப் போகும்போது, கூட ஒருவர் போவது என்று தீர்மானம் போடுங்கள்.

மாதாமாதம் சேமிப்பை எண்ணி, ரசீது எழுதி, வரவு செலவு சரிபார்க்கத் தெரிந்த நமக்கு ஒரு சர்வீஸ் பில் பெரிய விஷயமா? நம் கணக்கு நோட்டில் காட்டுகிற கண்டிப்பை அங்கேயும் காட்டினால் போதும்.