அரை ஆள் கூலி சட்டப்படி செல்லுமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் உள்ள போளூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியது. மகன் 16 வயதில், 2024 ஜூன் மாதம், உள்ளூரில் ஒரு குத்தகைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என எல்லா வேலையும் பார்த்துவிட்டு 2025 அக்டோபரில் நின்றுவிட்டான். பெரியவர்களுக்குக் கொடுத்த கூலியில் பாதிதான் அவனுக்குக் கிடைத்தது. "18 நிரம்பாதவனுக்கு அரை ஆள் கூலிதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது" என்கிறார் தோட்டக்காரர். இப்போது மகனுக்கு 18 முடிந்துவிட்டது. மீதிக் கூலியைக் கேட்க முடியுமா?

பதில்: வயதைப் பார்த்து, அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கூலியைக் குறைக்கும் உரிமை எந்தத் தோட்டக்காரருக்கும் எப்போதும் இருந்ததில்லை. அந்த அதிகாரம் அரசிடம் மட்டுமே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பிரிவு 3(3), பெரியவர், வளரிளம் பருவத்தினர், குழந்தை, தொழில் பழகுநர் என்று பிரித்து வெவ்வேறு ஊதிய வீதம் நிர்ணயிக்க அரசுக்கு இடம் கொடுத்தது. 14 முடிந்து 18 முடியாதவர் வளரிளம் பருவத்தினர். தோட்டக்காரர் எங்கோ கேட்ட 'சட்டம்' இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் குறைந்த வீதம் வேண்டுமென்றால், அந்தத் தொழிலுக்கு, அந்த வயதினருக்கு என்று அரசிதழில் அறிவிக்கை வந்திருக்க வேண்டும். அறிவிக்கையில் வயதுப் பிரிவு இல்லையென்றால் 16 வயதுக்காரருக்கும் 40 வயதுக்காரருக்கும் ஒரே வீதம்தான். "ஊர் வழக்கம்" என்பது அறிவிக்கை ஆகாது.

இந்த வழக்கின் முடிவு ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. வாசகர் அதைத் தவறாகப் போட்டிருக்கிறார். பக்கத்தில் வேலை செய்த ஆளுக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுகிறார். சட்டம் ஒப்பிடுவது வேலை பார்த்த தேதியில் அரசு அறிவித்திருந்த குறைந்தபட்ச ஊதியத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்த தொகையோடு. மேல்மலையில் ஆள் தட்டுப்பாடு உள்ள நாளில் ஊர்க் கூலி அரசு வீதத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். கணக்குக்காக மட்டும் சொன்னால், முழு ஆள் கூலி 700 ரூபாய், பாதி 350 என்று வைத்துக்கொள்ளலாம். அறிவிக்கப்பட்ட வீதம் 400 என்றால் நாளுக்கு 50 ரூபாய் கேட்கலாம். வீதம் 300 என்றால் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் கேட்க எதுவுமில்லை. இரண்டு பேர் ஒரே வேலை செய்தும் வயதுக்காகக் கூலி வேறுபட்டது நியாயமில்லைதான். ஆனால் ஊதியத்தில் ஆண், பெண் என்ற வேறுபாட்டை நேரடியாகத் தடுத்த சட்டம், வயது வேறுபாட்டை அப்படித் தடுக்கவில்லை. ஆகவே முதல் வேலை, 2024–25இல் விவசாய வேலைக்கு நடப்பிலிருந்த அறிவிக்கையை வாங்கிப் பார்ப்பது. அந்த வீதம் தெரியாமல் எந்த வழக்கறிஞரும் வெற்றியோ தோல்வியோ சொல்ல முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நிலைமை மாறியிருக்கிறது. அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் 6ஆம் பிரிவு வேலையின் திறன், இருப்பிடம், வேலையின் கடுமை ஆகியவற்றை வைத்தே வீதம் நிர்ணயிக்கச் சொல்கிறது. வளரிளம் பருவத்தினர் என்ற தனி வரிசை அதில் இல்லை. முன்பிருந்த அறிவிக்கைகள் புதிய சட்டத்துக்கு முரணாகாத அளவுக்குத் தொடரும் என்று 69ஆம் பிரிவு சொல்வதால், பழைய வயதுப் பிரிவு எங்காவது இருந்தால் அது செல்லுமா என்ற வாதம் வரலாம். மகன் வேலை செய்தது முழுக்கப் பழைய சட்டக் காலம் என்பதால் அந்த வாதம் இங்கே அவ்வளவாக முக்கியமில்லை.

இந்தச் சச்சரவு மேல்மலையோடு முடிவதில்லை. பிரிட்டனில் 1999இல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோதே பெரியவருக்கு மணிக்கு 3.60 பவுண்டு, 18 முதல் 21 வயதினருக்கு 3 பவுண்டு என்று பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்கு 12.21 பவுண்டு, 18–20 வயதினருக்கு 10 பவுண்டு, அதற்கும் கீழே 7.55 பவுண்டு என்று இருந்தது. கிரீஸ் 2012இல் 25 வயதுக்கு உட்பட்டவரின் குறைந்தபட்ச ஊதியத்தை 32 சதவீதம் வெட்டியது. சமூக உரிமைகளுக்கான ஐரோப்பியக் குழு அதை வயதுப் பாகுபாடு என்றது. 2019இல் அந்த வெட்டு நீங்கியது. குறைந்த வீதம் வேண்டும் என்பவர்களின் வாதம்: புதிதாக வருபவருக்குத் தொழில் தெரியாது, முழுக் கூலி என்றால் அவரை யாரும் சேர்க்கமாட்டார்கள், பிள்ளைகளும் படிப்பை விட்டுக் கூலிக்கு ஓடிவிடுவார்கள். எதிர்த் தரப்பு கேட்பது: பாதி விலைக்கு ஆள் கிடைத்தால் முழுக் கூலி கேட்கும் பெரியவரை யார் கூப்பிடுவார்கள்? தொழில் பழக மாதங்கள் பிடிக்கும் பட்டறைக்கு முதல் வாதம் ஓரளவு பொருந்தலாம். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பொருந்தாது. தூக்குபவரின் வயதைப் பார்த்து மூட்டையின் எடை குறைவதில்லை.

தோட்டக்காரர் சொல்லக்கூடிய மற்ற பதில்களையும் பார்த்துவிடலாம். "சம்மதித்துத்தானே வந்தான்" என்பது எடுபடாது. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பழைய சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் செல்லாது, புதிய சட்டத்தின் 60ஆம் பிரிவிலும் செல்லாது. அந்த ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. "பூண்டு விலை விழுந்துவிட்டது, கட்டுப்படியாகவில்லை" என்பதும் உதவாது. முதலாளியின் தாங்கும் சக்தி இதில் பொருட்டல்ல என்று 1961இலேயே, கேரள ஓட்டுத் தொழிற்சாலை வழக்கில், அதே நீதிமன்றம் முடித்துவிட்டது. "வேலை பழக வந்தவன்" என்றால் தொழில் பழகுநர் சட்டப்படி பதிவான ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். பயிற்சி என்ற பெயரில் இளம்பெண்களிடம் முழு வேலை வாங்கிய நூற்பாலைகளைப் பற்றிப் புகார் குவிந்த பிறகு, 2008இல் தமிழ்நாடு அரசு அந்தப் பயிற்சியாளர்களுக்கே தனியாகக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. களை எடுப்பதற்கும் கேரட் கழுவுவதற்கும் பழகுநர் ஒப்பந்தம் போட்டிருப்பார் என்று நினைக்க இடமில்லை.

வேலை நேரம்தான் தோட்டக்காரரின் கையில் உள்ள சற்றே வலுவான வாதம். 1986ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14க்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைப்பதையே தடுக்கிறது. குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில் தவிர மற்றதில் வேலை செய்யலாம். ஆனால் இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. மிகுதி நேர வேலையும் கூடாது. அந்தச் சட்டத்தில் 'நிறுவனம்' என்ற சொல்லுக்குள் பண்ணையும் அடங்கும். மகன் மதியத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால், அரை நாளுக்கு அரைக் கூலி என்று தோட்டக்காரர் சொல்லிப் பார்ப்பார். காலை 8 முதல் மாலை 5 வரை நின்றிருந்தால் அந்த வாய்ப்பில்லை. சட்டம் தடுத்த நேரத்திலும் வேலை வாங்கிவிட்டு, சட்டத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. வாசகரின் கடிதத்தில் வேலை நேரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பூச்சிமருந்து அடிக்கவிட்டார்களா என்பதும் இல்லை. அது தனியே நேரில் பேச வேண்டிய விஷயம்.

இனி தாமதம். பழைய சட்டத்தின் 20ஆம் பிரிவில், ஊதியம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். போதிய காரணம் காட்டினால் மட்டும் தாமதத்தை மன்னிக்கலாம். புதிய சட்டத்தின் 45ஆம் பிரிவு 3 ஆண்டு தருகிறது. புதிய 3 ஆண்டைக் கண்டு வாசகர் நிம்மதி அடையக்கூடாது. புதிய சட்டம் வந்த 2025 நவம்பர் 21க்கு முன்பே 6 மாதம் கழிந்துபோன கூலி, அதாவது ஏறத்தாழ 2025 மே மாதம் 21 வரையிலானது, காலாவதியான கோரிக்கை. செத்த கோரிக்கைக்குப் புதிய கெடு உயிர் கொடுக்காது என்பதே பொது விதி. அதற்குத் தாமத மன்னிப்பு மனுவே கதி. மே இறுதி முதல் அக்டோபர் வரையிலான கூலிக்கு 3 ஆண்டுக் கெடு பொருந்தும் என்று வாதிடலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். ஆக, பதினாறு, பதினேழு மாத வேலையில் பெரும்பகுதி, மனு எழுதும் முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. "பையனுக்கு 18 ஆகட்டும் என்று காத்திருந்தோம்" என்பது வாசகர் சொல்லும் காரணம். இதைவிடப் பலவீனமான காரணம் கிடைப்பது கடினம். மைனருக்காகத் தந்தையே மனு போட்டிருக்கலாம். தோட்டக்காரர் உறவுக்காரர், மனஸ்தாபம் வேண்டாம் என்று இருந்தோம் என்றும் எழுதியிருக்கிறார். அந்த உறவுக்காகக் கழிந்த மாதங்களைச் சட்டம் திருப்பித் தராது.

ஆவணங்களின் நிலை இன்னும் மோசம். கடிதத்தோடு வந்தது ஆதார் நகல் ஒன்று மட்டும். வேலை பார்த்த நாட்களுக்குச் சான்று இல்லை, வாங்கிய தொகைக்குச் சான்று இல்லை, தோட்டம் யார் பெயரில், குத்தகை யார் பெயரில் என்பதும் இல்லை. பட்டாதாரர் ஒருவர், பயிர் செய்பவர் வேறொருவர் என்றால் மனு யார் மீது? வயதுக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் வேண்டும். வாரக் கூலி ஜிபேயில் வந்திருந்தால் வங்கிக் கணக்குப் பட்டியல் நல்ல சான்று. மேஸ்திரியின் நோட்டில் பெயருக்கு எதிரே '½' என்று போட்டிருக்கிறார்கள் என்கிறார் வாசகர். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வழக்கு அதிலேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. கூடவே பூண்டு நட்ட, மூட்டை ஏற்றிய இரண்டு மூன்று பேரின் சாட்சியமாவது இப்போதே உறுதி செய்யப்பட வேண்டும்.

கூலி கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம், புதிய சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, முதலாளியுடையது. ஆனால் அவரிடம் வேலை பார்த்தோம் என்பதை முதலில் தொழிலாளிதான் காட்ட வேண்டும். விவசாயத்தில் ஐந்து பேருக்கு மேல் வைக்காதவர் பதிவேடும் ஊதியச் சீட்டும் வைக்க வேண்டியதில்லை என்று 50ஆம் பிரிவு விலக்கும் தருகிறது. மேல்மலையின் பல சிறு தோட்டங்கள் அந்த விலக்குக்குள் வந்துவிடும். அப்படிப்பட்டவரும், ஆய்வாளர் கேட்டால், கூலி கொடுத்ததற்கு நியாயமான சான்று காட்டியாக வேண்டும்.

கோரிக்கை நிரூபணமானால் பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு உத்தரவிட அதிகாரம் உண்டு. இது உச்சவரம்பு, கிடைத்தே தீரும் தொகை என்று எண்ணக்கூடாது. மனு போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரி. திண்டுக்கல்லில் உள்ள துறை அலுவலகத்தில் யார் அந்த அதிகாரி என்று கேட்டறியலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் காலத்தைக் கழிக்க வேண்டாம். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100.

ஒரு எச்சரிக்கை. மகன் 16க்கு முன்பே, அதிலும் 14 முடியும் முன்பே, அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால் அதை யோசிக்காமல் மனுவில் எழுதிவிட வேண்டாம். மறைத்துப் பொய்யும் எழுத வேண்டாம். முதலில் வழக்கறிஞரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். அது தோட்டக்காரருக்கு மட்டுமல்லாமல் பெற்றோருக்கும் பொறுப்பைக் கொண்டுவரக்கூடிய விஷயம்.

இந்தப் பதில் கடிதத்தில் இருந்ததை மட்டும் வைத்து எழுதிய பொது விளக்கம். அறிவிக்கை நகல், வயதுச் சான்று, வங்கிக் கணக்குப் பட்டியல், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றோடு கொடைக்கானலிலோ திண்டுக்கல்லிலோ தொழிலாளர் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை வாசகர் இந்த வாரமே நேரில் பார்க்க வேண்டும்.