மாட்டுக் கொட்டகை விதை அறையான கதை: ஓதத்தை மூடாதீங்க, வழிவிடுங்க

போன வருசத்துக்கு முந்தின தை மாதம். விதைநெல் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவில் 100 நெல்லை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். முளைத்தது 38. விதைநெல்லுக்கு 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் முளைப்பு வேணும். 2 கிலோ விதை வாங்கினால் 4 கிலோவாகத் திருப்பித் தரணும் என்பது நெல் ஜெயராமன் நமக்குப் பழக்கிவிட்ட முறை. நான் 5 பேருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ செத்த விதை.

தப்பு நெல்லில் இல்லை, சுவரில். அந்தச் சுவரைக் கெடுத்ததும் நான்தான். பழைய கொட்டகையை விதை அறையாகவோ வீடாகவோ மாற்ற நினைக்கிற உழவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

எங்க தாத்தா கட்டிய மாட்டுக் கொட்டகை. நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றேகால் அடிச் செங்கல் சுவர். மாடுகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றியபின் இது சும்மா கிடந்தது. சுவரில் அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு ஓதம் இருந்தது. உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்ந்தது. "சிமெண்டு பூசி, கலவையில வாட்டர் புரூஃப் மருந்து ஊத்திட்டா நின்னுடும்" என்றார்கள். பூசினேன். தரைக்கும் சிமெண்டு போட்டேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபோது ஓதம் மூணு அடிக்கு ஏறியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மூட்டைகளை அடுக்கியிருந்தேன்.

ஓதம் எப்படி ஏறுது?

ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயசான கொத்தனார் ஒருவர் இருக்கிறார். கூட்டிவந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, வௌக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி செங்கல் தண்ணிய இழுக்கும். முன்னாடி சுண்ணாம்பு வழியா அது காத்துல காஞ்சு போச்சு. நீ வாசல அடைச்சுட்ட. அது மேல ஏறி வேற வாசல் தேடுது" என்றார்.

மாட்டுக் கொட்டகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல வருசமாக மாட்டு மூத்திரம் சுவரிலும் தரையிலும் ஊறியிருக்கும். அதிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட் உப்பாக மாற்றிவிடும். அந்தக் காலத்தில் வெடியுப்பு எடுக்கப் பழைய தொழுவத்து மண்ணைத் தேடிப் போனது இதனால்தான். சுண்ணாம்போடு சேர்ந்த நைட்ரேட் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் சுவர் வியர்ப்பது அதனால்தான். வயலுக்கு உரமாவது சுவருக்கு விஷம். ஆகவே தண்ணீரைத் தடுத்தால் மட்டும் போதாது, உப்பையும் எடுக்கணும்.

முதலில் சோதனை

இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. ரெண்டு நாள் கழித்துப் பாருங்க. தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. அறைப் பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து காற்றோட்டம் பண்ணினாலே பெரும்பாலும் சரியாகும். எனக்குச் சுவர்ப் பக்கம் இருந்தது.

செய்த வேலைகள், வரிசைப்படி

1. தண்ணீர் வரும் வழி: வருசக்கணக்காகச் சாணமும் மண்ணும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட அரை அடி உயர்ந்திருந்தது. வெட்டி இறக்கினோம். சுவரிலிருந்து ரெண்டு அடி தள்ளி வாய்க்கால் எடுத்துக் குட்டைக்கு விட்டோம். சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது, அஸ்திவாரத்தைவிட ஆழமாகவும் போகக் கூடாது. பழைய கட்டடத்துக்கு அஸ்திவாரம் ஆழம் குறைவு. ஓட்டுத் தண்ணீர் தரையில் விழுந்து சுவரில் தெறித்தது, இறவாரத்தை நீட்டினோம்.

2. சிமெண்டை உரித்தல்: ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி சேர்த்து உரித்தோம். உள்ளே சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குச் சிமெண்டுத் தரையையும் உடைத்து, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பினோம்.

3. உப்பு எடுத்தல்: பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளணும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். பிறகு களிமண்ணில் மணலும் நறுக்கிய வைக்கோலும் பிசைந்து அரை அங்குலம் அப்பினோம். அது காயக் காய உப்பை இழுத்துக்கொண்டு தானே உதிரும். மூணு தடவை செய்தோம். அந்த மண்ணைத் தென்னந்தோப்பில் பரப்பிவிட்டேன்.

4. காயவிடுதல்: இதுதான் பொறுமைக்குச் சோதனை. ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு வருசத்துக்கு மேல் ஆகும். பங்குனியிலிருந்து ஆனி வரை வெறும் சுவராக விட்டோம். மீதி சுண்ணாம்பு வழியாகக் காயட்டும் என்றார் பெரியவர்.

5. சுண்ணாம்புப் பூச்சு: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத மணல் 3 பங்கு, கொஞ்சம் செங்கல் தூள். அரை அங்குலத்துக்கு மிகாமல் ரெண்டு பூச்சு. ஒரு வாரம் ஈரச் சாக்குக் கட்டி நேர் வெயில் படாமல் காத்தோம். சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். மேலே வெள்ளையடிப்பு மட்டும். பெயிண்டு, பட்டி எதுவும் வேண்டாம். அது திரும்பவும் வாசலை அடைக்கிற வேலை. சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். கண்ணாடி போடுங்க, பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

இப்போது

போன மழைக்கு ஓதம் முக்கால் அடியைத் தாண்டவில்லை. வடகிழக்கு மூலை மட்டும் மழை நாளில் இன்னும் வியர்க்கிறது. உப்பு மிச்சம் இருக்கு. அடுத்த கோடையில் அங்கே மறுபடி களிமண் அப்பணும். பூச்சு அங்கங்கே பொரிந்தால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசணும். சுவருக்குப் பதிலாகத் தேய்வதுதான் சுண்ணாம்புப் பூச்சின் வேலை.

எந்தச் சுவரையும் நம்பி விதையை வைக்கக் கூடாது என்பதையும் படித்தேன். நெல்லை 13 விழுக்காடு ஈரத்துக்குக் கீழே காயவைத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரச் சட்டத்தின் மேல் அடுக்குகிறேன். பாட்டி காலத்துப் பத்தாயம் காலோடு நின்றது சும்மா இல்லை. மாதம் ஒருமுறை 100 விதை எண்ணி முளைப்புப் பார்க்கிறேன். இந்தத் தையில் 91 முளைத்தது. 5 பேர் கடனில் 3 பேருக்குக் கொடுத்தாச்சு. மீதி 2 பேருக்கு வரும் அறுவடையில்.

பூச்சி வந்ததும் மருந்தடிக்காமல், ஏன் வந்தது என்று பார்க்க நாம் பழகியிருக்கிறோம். நான் வயலில் செய்ததைச் சுவரில் செய்ய மறந்துவிட்டேன். உங்க கொட்டகையில் ஓதம் இருந்தால் சிமெண்டு வாங்கப் போகுமுன், நல்ல மழை பெய்யும்போது குடையோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வாங்க. தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே தெறிக்கிறது என்று பாருங்க. பாதி வேலை அங்கேயே தெரிந்துவிடும்.